முப்பத்தோராம் வரி

அந்த மோட்டார் பம்ப் கம்பெனியில் அவளுக்கு வழியனுப்பக்கா என்றுதான் பேர். கடல் தாண்டியிருக்கிற கிளைக்குத் தலைவராகப் போக ஆசைப்படுகிற யாரும் விண்ணப்பம் போடுமுன் ஒரு வாரம் அவள் வகுப்பில் உட்கார வேண்டும். தேர்வானவர் இன்னொரு முறை தனியாக உட்கார வேண்டும். அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் அவள் சொல்லிக்கொடுப்பாள். கூட்டத்தில் தலைவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். ‘முயற்சி செய்கிறோம்’ என்று சொன்னால் அந்த வேலை நடக்காது. தப்பு செய்தவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லவேண்டும். நாலு பேர் முன்னால் சொன்னால் மறுநாளிலிருந்து ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இப்படி நூற்றுப்பத்து வரி. போய்வந்தவர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, பேர் போட வேண்டாம் என்று சொல்லி, எழுதி வாங்கி அவளே தொகுத்த குறிப்பேடு அது. பேர் இல்லாவிட்டால் உண்மை வரும் என்று நம்பினாள், பாவம்.

இத்தனையும் கரைத்துக் குடித்தவள் அந்த ஊர் மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. அநியாயம்தானே! பதினோரு வருஷத்தில் நாலு பேரை அனுப்பிவைத்தாள். நாலு பேரும் ஆண்கள். அதில் இரண்டு பேருக்கு அங்கே போன பிறகும் ஆபீஸ் கடிதம் எழுதிக்கொடுத்தவள் இவள்தான்.

இந்தத் தடவை இடம் காலியானதும் தானே விண்ணப்பம் போட்டாள். ஐம்பது வயது தாண்டினால் வெளிநாட்டுப் பதவிக்கு விண்ணப்பம் போட முடியாது என்பது கம்பெனி விதி. அவளுக்கு நாற்பத்தொன்பதரை. இதை விட்டால் வேறு வாய்ப்பே இல்லை. வீட்டில் எதிர்ப்பு வரும் என்று பயந்துகொண்டே புருஷனிடம் சொன்னாள்.

“மூணு வருஷம்தானே, போயிட்டு வா. நானும் பொண்ணும் சமைச்சுக்கறோம். கருகினாலும் எங்க வயித்துக்குத்தானே போகுது!” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவளுடைய குறிப்பேட்டையே எடுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்து அவள் பக்கம் திருப்பினார். முப்பத்தோராம் வரி. ‘பெண் தலைமையை இங்குள்ளவர்கள் உள்ளூர ஏற்க மாட்டார்கள். அவள் சொல்லும் வேலை நடக்காது.’

“நீங்க எழுதினதுதானேம்மா? தெரிஞ்சே உங்கள அங்க தள்ளிவிட்டா நல்லாவா இருக்கும்?”

தன் விரலாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டிருக்கிறாள். ஏழு வருஷமாக ஒவ்வொரு வகுப்பிலும் வாசித்த வரிதான். ஒன்றும் தெரியாமல் போகிறவர்களுக்குத்தான் அது, நெளிவுசுளிவு தெரிந்த தனக்கில்லை என்று நினைத்திருந்தாள். “சரிங்க சார்” என்று எழுந்து வந்துவிட்டாள்.

அந்தப் பதவி, ஏற்றுமதிப் பிரிவில் இருந்த இளைஞன் ஒருத்தனுக்குப் போனது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிளையில் உதவியாளனாக ஆறு மாசம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால், விண்ணப்பத்துக்கு முந்தைய வகுப்பிலிருந்து அவனுக்கு விலக்கு. அவனுக்குத் தனி வகுப்பு எடுக்கிற வேலை யாருக்கு? இவளுக்குத்தான். வயிறு எரிய எரிய, திங்கட்கிழமை போர்டைத் துடைத்துவிட்டு ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் அந்த வரி வந்ததும் அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

“அக்கா, இது நான் எழுதிக் குடுத்ததுக்கா! இன்னுமா வச்சிருக்கீங்க?”

“நீயா?”

“பேக்டரில எனக்கு மேல அந்த ஊர் சூப்பர்வைசரம்மா ஒருத்தங்க. அவங்க ஒரு பார்வை பாத்தாப் போதும், முந்நூறு பேரும் கப்சிப். நான் போட்ட திட்டத்தையெல்லாம் தூக்கிக் குப்பையில போட்டாங்க. அந்தக் கடுப்புல கிறுக்கினேன். நீங்க விசாரிச்சுத்தான் போடுவீங்கன்னு நெனச்சேன். எடுத்துடுங்கக்கா, தப்பு.”

அவனை அறைந்தால் என்ன என்றிருந்தது அவளுக்கு. ஆனால் நடுவில் சொன்னானே, விசாரிச்சுத்தான் போடுவீங்கன்னு, அதுதான் சுருக்கென்று தைத்தது. ஒரு போன் போட்டுக் கேட்க அவளுக்கு ஏழு வருஷத்தில் நேரமா கிடைக்கவில்லை? யாரோ ஒருத்தன் ஆத்திரத்தில் எழுதியதை அழகாக டைப் அடித்து, நம்பர் போட்டு, ஊருக்கெல்லாம் ஓதியிருக்கிறாள்.

அந்த ஏழு வருஷத்தில் அவள் வகுப்பில் பெண்கள் உட்காராமலா இருந்தார்கள்? பதினாலு பேர். ஒருத்திகூட விண்ணப்பம் போடவில்லை. ‘இவளுகளுக்குத் துணிச்சலே கிடையாது’ என்று புருஷனிடம் அவள் எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள். போன வருஷம் டிசைன் பிரிவுப் பெண் ஒருத்தி, சரியான கெட்டிக்காரி, வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இந்த முப்பத்தொண்ணு நெஜமாவே அப்படித்தானா?”

“ஆமாம்மா. அங்க போய் நீ ஏன் அவமானப்படணும்?” என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்திருந்தாள் இவள்.

அந்தப் பெண் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.