லயத்துக்குப் பின்னால் நான் வைத்த புல்

ஃபீல்டாபீஸர் அதற்கு லவ் கிராஸ் என்று பெயர் சொன்னபோது, கொழுந்துக் கூடையோடு நின்ற நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். "புல்லுக்குமாக்கா லவ்வு?" என்றாள் பக்கத்தில் நின்றவள். பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. மெல்லிய நீள இலை, எண்ணெய் வைத்து வாரிய முடிபோல நாலாபக்கமும் சரிந்து கிடக்கும். புதிதாகத் தேயிலைக் கன்று வைத்த சரிவில் மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகாமலிருக்க, கன்று வரிசைகளுக்கு நடுவே வைக்கச் சொன்னார்கள். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் பிறகு வருஷா வருஷம் அதுவே தழைக்கும். பனிக்காலத்தில் செத்ததுபோல வெளுத்துக் கிடந்தாலும், ஒரு கோடைமழை விழுந்தால் அடியிலிருந்து பச்சை கிளம்பிவிடும்.

எனக்கு அது வேறு காரியத்துக்குத் தேவைப்பட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே ரிசார்ட்டுக்கு ஜீப் ரோடு போடுகிறோம் என்று ஜேசிபி வைத்து மலையை அறுத்தார்கள். அறுத்த மண் என் அடுப்படிக்குப் பின்னால் செங்குத்தாக நின்றது. மழை பெய்தால் சோற்றுப் பானைக்குள் மண் விழும் என்கிற பயத்திலேயே சமைத்தேன். தடுப்புச் சுவர் கட்டித் தருவதாக எஸ்டேட் சூப்பர்வைசர் சொன்னார். கட்டவும் கட்டினார்கள், ரிசார்ட் வாசலில்.

சுவருக்குக் காத்திருந்தால் வீடு இருக்காது என்று, கன்று வைத்த புதுக்காட்டில் மிச்சம் கிடந்த புல்தூர்களைச் சாக்கில் கட்டிச் சுமந்து வந்தேன். தூரைப் பிரித்து, தலையைக் கத்தரித்து, சரிவுக்குக் குறுக்கே வரிசையாக ஊன்றினேன். மேல் வரிசையில் இடைவெளி விட்ட இடத்துக்கு நேரே கீழ் வரிசையில் ஒரு தூர் வரவேண்டும், அப்போதுதான் தண்ணீர் ஓட வழி கிடைக்காது. முதல் மழை பாதியைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த வருஷம் மறுபடி வைத்தேன். அதற்கடுத்த வருஷம் மண்ணே தெரியவில்லை. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், தோள்தான் வலித்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சமைத்தேன்.

என் பசுவுக்கும் அதுதான் தீனி. பூ வருவதற்கு முன்னால் அறுத்துப் போட்டால் தின்னும், முற்றிவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லயத்தில் மாடு வைத்திருந்த மற்றவர்களையும் அறுக்க விட்டேன். ஆனால் பக்கத்திலேயே நிற்பேன். "ஏட்டி, மொட்டையடிக்காத, ஒரு சாண் விட்டு அறு" என்று கத்திக் கத்தியே எனக்குப் புல்லு வாட்ச்மேன் என்று பட்டம் வந்தது. வரட்டும் என்று இருந்தேன்.

எஸ்டேட்டில் தேயிலை தவிர மற்றதெல்லாம் களைதான். வெளிநாட்டிலிருந்து தேயிலை வாங்குகிறவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் பாதையோரக் கல்லுக்கு வெள்ளை அடிப்பார்கள், லயத்தைச் சுற்றிப் புல்லைக் கருக்குகிற மருந்து அடிப்பார்கள். என் புல் பிடித்த பிறகு அவர்கள் முதல்முறை வந்தது அந்த வருஷம்தான். கோடைமழை பெய்து மலை முழுக்கப் பச்சையாக இருந்தபோது என் புல் மட்டும் மஞ்சளாக ஆரம்பித்தது. மருந்தடிக்கிற கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

"நீங்களா அடிச்சீக?" என்று கேட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "லயத்தச் சுத்தி அடின்னாரு. அடிச்சேன்."

"அது நான் வச்ச புல்லுன்னு தெரியாதா?"

"தெரியும். இத மட்டும் ஏம்ல விட்டேன்னு சூப்பர்வைசர் கேட்டா நான் என்ன சொல்ல? எம்பொண்டாட்டி வச்சதுன்னா?"

அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு அது தோன்றவே இல்லை. ஒரு வாரம் கழித்து அதே கொத்தை இழுத்தேன், வேரோடு கையில் வந்தது.

மழை பிடித்த மூன்றாவது வாரம், பட்டப்பகலில், நாங்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மண் இறங்கியது. அடுப்படியும் மாட்டுக் கொட்டகையும் போய்விட்டன. ஆள் சேதம் இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். என் பசு சினையாக இருந்தது. அதைத் தோண்டி எடுக்கும்போது நான் பக்கத்தில் போகவில்லை, முடியவில்லை.

மறுநாள் வில்லேஜ் ஆபீஸர் வந்தார். இடிந்த இடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த மண்ணில் முன்பு புல்லோ செடியோ ஏதாவது இருந்ததா என்று மலையாளத்தில் கேட்டார். இருந்தது என்றால் அது எப்படிப் போனது என்று கேட்பார். சூப்பர்வைசர் குடையைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றார். என் வீட்டுக்காரருக்கு அடுத்த வருஷம் ரிட்டையர்மென்ட், வீடு அவர் பேரில்தான். பிள்ளைகள் யாரும் எஸ்டேட் வேலைக்கு வரவில்லை. அதற்கப்புறம் நாங்கள் லயத்தில் இருப்பதும் போவதும் மேலே இருப்பவர்கள் மனசைப் பொறுத்தது.

"ஒண்ணும் இல்ல சார். அங்க எப்பவுமே வெறும் மண்ணுதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

ஆபீஸர் என் பக்கம் திரும்பி, "சேச்சி, அங்ஙனெ தன்னெயாணோ?" அப்படித்தானா என்று கேட்டார். சூப்பர்வைசரும் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மட்டும் பார்க்கவில்லை.

"ஆமா சார்," என்றேன். "வெறும் மண்ணுதான்."

இயற்கைச் சேதம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். லயத்தின் கடைசி வீடு காலியாக இருந்தது, அதை எங்களுக்குக் கொடுத்தார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறோம், அவரும் நானும். அதிகம் பேசிக்கொள்வதில்லை.