தெரியாமல் பிடுங்கிய அருகு

“…அருகம்புல்லுக்குத் தண்ணி ஊத்தி வளக்கறவங்கள இன்னிக்குத்தான் தம்பி பாக்கறேன். எங்க காட்டுல இது மொளச்சா எங்க வூட்டுக்காரருக்குச் சோறு எறங்காது!”

களையெடுக்க வந்த அக்கா களைக்கொத்தும் கையுமாக இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் நாலைந்து பங்களாக்களுக்கும் இரண்டு மில்களுக்கும் நான்தான் புல்தரை பார்த்துவந்தேன். வெயிலில் தண்ணீர், மழையில் களை, பனியில் கத்தரிப்பு என்று பருவத்துக்கு ஒரு வேலை. இது நடந்த எண்ணெய் மில் அவற்றில் புதிதாகக் கிடைத்த இடம். முதலாளி சேலத்துக்காரர். “தை பொறந்ததும் வந்து பாப்பேன். புல்லு நல்லா இருந்தாத்தான் வருசத்துக்கும் நீங்க. இல்லாட்டி பெங்களூர் ஆளுதான்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஐப்பசி மழை விட்டதும் புல்லுக்குள் கோரைக் களை கிளம்பியது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கேழ்வரகுக் காட்டில் களையெடுப்பதில் பேர்போனவர் அந்த அக்கா. அவரை வரவழைத்து, “களையெல்லாம் எடுத்துடுங்கக்கா” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வேறு பங்களாவுக்குப் போனேன். தப்பு அங்கேதான்; அந்தப் புல்தரையே அருகுதான். கல்யாணத்தில் ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துகிற வாய்தான், காட்டில் அருகைக் கண்டால் சபிக்கும்.

மத்தியானம் திரும்பினால் வாசல் பக்கம் கால்வாசிப் புல்தரை செம்மண்ணாகக் கிடந்தது. ஓரத்தில் அருகு, வேரோடு குவியலாக. ஆனால் என்ன நேர்த்தி! கோரைக் கிழங்கு ஒன்றைக்கூட மண்ணுக்குள் விட்டுவைக்கவில்லை.

இந்தப் புல்தான் இங்கே பயிர் என்று சொன்னேன். அப்போது வந்ததுதான் அந்தப் பேச்சு. முதலாளி வைத்த கெடுவையும் சொன்னேன். அக்கா சிரிப்பை நிறுத்திக் குவியலைப் பார்த்தார்.

“இதக் கொல்லத்தான் தம்பி முப்பது வருசமா மல்லுக்கட்டறேன். பொழைக்க வெக்கறதா கஷ்டம்? மூஞ்சிய எழவு வூடாட்டம் வெச்சுக்காதீங்க.”

குவியலில் கிடந்த அருகைக் கணுக்கணுவாக நறுக்கினார். சாணிக்கரைசலில் முக்கி, கேழ்வரகு நாற்று நடுவதுபோல் நாலுவிரல் இடைவெளியில் வரிசை பிடித்து நட்டார். உள்பக்கத்துக் கோரையை நான் எடுத்தேன். என் கைக்குத் தழைதான் வந்தது. கிழங்கு மண்ணிலேயே தங்கிவிட்டது.

தை பிறந்ததும் முதலாளி வந்தார். அன்று அக்காவும் வேலைக்கு வந்திருந்தார். வாசல் பக்கம் செருப்பைக் கழற்றி நடந்து பார்த்த முதலாளி, “இங்க மெத்தையாட்டம் இருக்குது, கோரையே இல்ல. உள்ளாற ஏன் இப்படி இல்ல?” என்றார்.

அக்கா முந்திக்கொண்டார். “அது நான் தெரியாம புடுங்கிப்போட்ட எடமுங்க. தம்பி மேல தப்பில்லீங்க. பொறவு நாந்தான் நட்டு வெச்சேன்.”

முதலாளி புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, வருசத்துக்கும் நீங்களே பாத்துக்குங்க” என்றவர், அக்காவிடம் திரும்பி, “உள்ளாற இருக்கறதையும் தெரியாமயே புடுங்கிடுங்கம்மா” என்றார்.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உள்பக்கப் புல்லில் குந்தி, முதல் கொத்தை இறக்கினார்.