நாற்பத்தொன்றாவது இடம்

எங்கள் சபையின் மணிக்காரர் வந்தவர்களை எண்ணமாட்டார், வராதவர்களைத்தான் எண்ணுவார். இருபத்திரண்டு வருடமாக வாசலில் நின்று பார்க்கிறவர். யார் எந்த பெஞ்சில், எந்த ஓரத்தில் உட்காருவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. காலி இடத்தைப் பார்த்தே, "பல் டாக்டர் வரல, போன வாரமே இருமிட்டு இருந்தாரு" என்று சொல்லிவிடுவார். ஆராதனை தொடங்கப் பெரிய மணி, முடிந்ததும் கைமணி. நடுவில் மைக், மின்விசிறி, பிள்ளைகள் ஒளித்துவைத்த செருப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கடல் தாண்டி இருக்கும் சகோதரச் சபை ஒன்று தங்கள் நூற்றாண்டு ஆராதனைக்கு எங்களை அழைத்தது. நாற்பது பேர் போவதாக முடிவானது. நாற்பத்தொன்றாவதாக மணிக்காரரையும் கூட்டிப்போகலாம் என்றார் போதகர். "அவர் அங்க வந்து என்ன செய்யப் போறாரு? அங்க மணி அடிக்க ஆள் இல்லையா?" என்று கமிட்டியில் கேட்ட வாய் இந்த வாய்தான். பாடகர் குழுவில் முதல் குரல் என்னுடையது. அதனால் கமிட்டியிலும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவேன். அப்போது மணிக்காரர் பின்பக்கம் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா, தெரியாது. ஆனாலும் போதகர் விடவில்லை. மறுநாளே மனிதர் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போய்விட்டார். விமானத்தில் ஏற வேண்டும் என்பது அவருக்குச் சின்ன வயசு ஆசையாம். ஜன்னல் சீட் கிடைக்குமா என்று டிராவல்ஸ்காரரை மூன்று முறை கேட்டிருக்கிறார்.

விமான நிலையத்தில் அவர் பையைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு சட்டை, ஒரு பைபிள், துண்டில் சுற்றிய கைமணி.

"இது எதுக்கு?" என்றார் அதிகாரி.

"முடிஞ்சிருச்சுன்னு சொல்றதுக்கு சார். விட்டுட்டு வந்தா வேற யாராவது அடிச்சிடுவாங்க."

அதிகாரி மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்.

விமானத்துக்காகக் காத்திருந்த இடத்தில் போதகர் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லிப் பயண ஜெபம் செய்தார். சுருக்கமாகத்தான் செய்வதாகச் சொன்னார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். ஆமென் சொன்னதும் மணிக்காரரிடம், "ஆள் சரியா இருக்கான்னு பாத்துடுங்கண்ணே" என்றார். பாவம், அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். முப்பத்தெட்டு என்றார். பிறகு நாற்பத்திரண்டு. நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்கிற எங்களை அவர் எண்ணியதே இல்லையே. முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"எல்லாரும் சர்ச்ல உட்கார்ற மாதிரி உட்காருங்க!"

மாயம் போலத்தான் நடந்தது. அந்த இரும்பு நாற்காலி வரிசைகளில் அவரவர் இடத்துக்கு அவரவர் போய்விட்டோம். வழக்கமாகத் தூண் மறைக்கும் இடத்தில் உட்காரும் வங்கிக்காரர் அங்கேயும் ஒரு தூணைத் தேடிப் பிடித்தார். மணிக்காரர் ஒரே பார்வைதான் பார்த்தார்.

"கடைசி பெஞ்சு மாமா இல்ல."

இந்த மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி ஜெபத்துக்குப் போதகர் கண்ணை மூடியதும் எழுந்து வெளியே காபி குடிக்கப் போவார். கைமணி கேட்டதும் மனைவியைக் கூட்டிப்போக வாசலுக்கு வருவார். எல்லாரும் கண்ணை மூடியிருப்பதால் அன்றுவரை இது மணிக்காரருக்கும் மாமிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மாமி முன்வரிசையில் இருந்து தலையைக் குனிந்துகொண்டே, "ஜெபம் பண்ணீங்கல்ல? கால் தானா நடந்திருக்கும்" என்றார். போன் செய்தோம். மாமியின் கைப்பைக்குள் மணி அடித்தது. ஒலிபெருக்கியில் மாமாவின் பெயரை இரண்டு முறை அழைத்தார்கள். ஒலிபெருக்கியில் வருவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க அவருக்கு இருபது வருடப் பயிற்சி.

வரிசை நகர ஆரம்பித்தது. "இன்னும் பத்து நிமிஷம்தான், கதவை மூடிடுவோம்" என்றாள் வாசலில் இருந்த பெண்.

"நான் போய்ப் பாக்கறேன்" என்றார் மணிக்காரர்.

"அண்ணே, நீங்களும் மாட்டிக்குவீங்க!" என்று கத்தினேன். "இத விட்டா எப்ப ஏறுவீங்க?"

"ஒரு ஆள் குறையுதேம்மா" என்று சொல்லிவிட்டுப் பையோடு ஓடினார். அறுபது வயது அவருக்கு.

பயணிகள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். எங்களில் பாதிப் பேர் உள்ளே போயாகிவிட்டது. மூன்று நிமிடம் பாக்கி. அப்போது எங்கோ கடைகளுக்குப் பின்னாலிருந்து கைமணிச் சத்தம் கேட்டது. டிங் டிங் டிங்.

அவமானமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வரிசையில் நின்ற நாங்கள் பதினெட்டுப் பேரும் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகத் திரும்பினோம். வங்கிக்காரர் செருப்பைத் தேடினார். வாசலில் இருந்த பெண் திகைத்துப்போய், "எல்லாரும் எங்க போறீங்க?" என்று அலறினாள். நாங்கள் அசடு வழியத் திரும்பி வந்தபோது இரண்டு பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் மணி, ஒருவர் கையில் காபிக் கோப்பை. பின்னால் ஒரு காவலர்.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றார் மாமா.

கதவு மூடுவதற்குள் எல்லாரையும் ஏற்றிவிட்டு மணிக்காரர் கடைசியாக ஏறினார். ஏறியவர் விமானத்தின் வாசலிலேயே நின்றுகொண்டார், எங்கள் தலைகளைப் பார்த்தபடி. பணிப்பெண் மெல்ல, "சார், வாசல்ல நிக்கறது என் வேலை. எல்லாரும் உட்கார்ந்தாச்சு, நீங்கதான் பாக்கி" என்றாள்.

அவர் தயங்கித் தயங்கி வந்தார். ஜன்னலோர சீட் என் பக்கத்தில்தான். அதில் நான் என் கைப்பையை வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, வழியிலேயே நின்றார்.

"இது எனக்காம்மா?"

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்தார், விளிம்பில், எந்த நேரமும் எழுந்து போகிறவர் போல. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "அங்க எனக்கு என்ன வேலை இருக்கும்மா?"

அப்படியானால் அன்று கமிட்டியில் நான் கேட்டது அவர் காதில் விழுந்தேதான் இருக்கிறது.

"ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். "நல்லா சாஞ்சு உட்காருங்க."