பொம்மைக் கார் பந்தயம்

துப்பாக்கி கேம் ஆடுகிறவனுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கும் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. காதில் ஹெட்போன், நெட்டில் நான்கு பேர் அணி என்று கன்சோல் முன்னால் உட்கார்ந்தால், நாட்டின் எல்லையையே நான்தான் காக்கிறேன் என்பது போல முகத்தை வைத்துக்கொள்வேன். கன்சோலோடு இலவசமாக வந்த கார்ட்டூன் கார் பந்தயத்தைத் தொட்டதே இல்லை. முயலும் தவளையும் கார் ஓட்டுவதை வளர்ந்தவன் ஆடுவானா?

கல்யாணமாகி நல்லம்பள்ளியில் வாடகை வீடு பிடித்த இரண்டாவது வாரம், மனைவி அதைத்தான் ஆடலாமா என்று கேட்டாள். சேலத்தில் வேலை முடித்து, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வீடு வந்தால், "சாப்பிடறீங்களா", "தண்ணி வேணுங்களா" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சே கிடையாது. எப்படியாவது அவள் என்னோடு சகஜமாகிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். உடனே சரி என்றேன்.

அவள் முயலை எடுத்தாள், நான் தவளையை. கல்யாணத்தன்று குடத்துத் தண்ணீரில் இருவரும் மோதிரம் தேடியபோது, "பொண்ணுக்கு வுட்டுக் குடுப்பா" என்று அத்தைகள் என் காதைக் கடித்தார்கள். கையில் தட்டுப்பட்ட மோதிரத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அதே புத்திதான் இங்கேயும். கடைசி வளைவில் வேண்டுமென்றே தவளையைச் சேற்றில் இறக்கினேன்.

மூன்றாவது ஆட்டத்தில் அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

"வுட்டுக் குடுக்கறீங்களா?"

"இது சும்மா பொம்ம கேம்தானே..."

"நான் காலேஜ்ல கபடி டீமுங்க. முட்டி பேந்துபோயும் ஆடியிருக்கேன். பொம்மையா இருந்தா என்னங்க, போட்டி போட்டிதான். இன்னொரு வாட்டி வுட்டுக் குடுத்தீங்கன்னா உங்ககூட ஆடவே மாட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளிலிருந்து நிஜமாக ஆடினேன். அடுத்த நான்கு நாளும் நானே ஜெயித்தேன். அவள் கோபப்படவில்லை. நான் குளிக்கப் போனால் தனியாக ஆடிப் பழகுவாள். பட்டன் சத்தம் குளியலறை வரை கேட்கும். வளைவு வருமுன்பே திருப்ப வேண்டும், மேட்டில் வேகத்தைக் குறைக்கக் கூடாது என்றெல்லாம் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். நானும் பாதையை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். துப்பாக்கி அணிக்காரர்கள் கூப்பிட்டபோது ஆபீஸ் வேலை இருக்கிறது என்று கூசாமல் புளுகினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசிச் சுற்று வரை தவளைதான் முன்னால். முடிவுக் கோட்டைத் தொடப் போகிற நேரத்தில், பின்னாலிருந்த மேட்டிலிருந்து பறந்து வந்த முயல் என் தலைக்கு மேலேயே தாண்டிப் போனது. "ச்சே!" என்று கத்தித் தலையணையைச் சுவரில் வீசினேன்.

அவள் டிவியைப் பார்க்கவில்லை. நான் விட்டுக்கொடுத்தேனா என்று என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். என் காதெல்லாம் சூடாகியிருந்தது.

"நெசமாவே தோத்துட்டீங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"இன்னொரு ஆட்டம் வா" என்றேன்.

"எத்தினி வேணும்னாலும் வாங்க" என்று பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.