மச்சானின் தளபதிக்கு நான் தெரிவுசெய்த திறமை

மச்சான் சொன்னது இரண்டே வார்த்தை: "தொடாதை, வாறன்."

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில், இருபத்திரண்டு படி ஏறிப் போகும் எங்கள் வீட்டில் ஒரேயொரு கணினிதான் இருந்தது. மச்சான் என் மனைவியின் தமையன்; அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. இரண்டாயிரங்களின் நடுவில் அவன் எங்களோடு இருந்தான். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரியில் அவனுக்கு இரத்தம் சுத்திகரித்தார்கள். மற்ற நேரமெல்லாம் என் மருமகன் வாங்கித் தந்த கணினிப் போர் விளையாட்டுத்தான். நானும் ஆடுவேன். அவன் படை அவனுக்கு, என் படை எனக்கு.

அதில் சிப்பாய்கள் எல்லோரும் ஒன்றுதான். வித்தியாசம் தளபதியில் இருந்தது. வென்று வென்று தளபதி ஒரு படி உயர்ந்தால் திரையில் இரண்டு திறமைகள் வரும். ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும், பிறகு மாற்ற முடியாது. தாக்குதலை எடுத்தால் ஒவ்வொரு சிப்பாயின் அடியும் பத்துக்குப் பதினொன்றாகும். வைத்தியத்தை எடுத்தால், விழுந்த பத்துப் பேரில் நான்கு பேர் சண்டை முடிய எழும்பி வருவார்கள். ஊரில் முப்பத்தொரு வருடம் புகையிரதப் பகுதியில் கணக்கெழுதும் இலிகிதராக இருந்தவன் நான். இதையெல்லாம் கொப்பியில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். மச்சான் எதையும் எண்ணமாட்டான். ஆட்கள் விழத் தொடங்கினால் பின்வாங்கிவிடுவான்.

"இப்பிடி ஓடி ஓடி எப்ப வெல்லுறது?" என்பேன்.

"வெண்டென்ன? என்ரை பெடியள் முழுசா வரவேணும்."

அன்று காலை அவனுடைய தளபதி படி உயர்ந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி வாகனக்காரர் மணியடித்தார். தாக்குதலா, வைத்தியமா என்ற கேள்வியோடு திரையை விட்டுவிட்டு, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் போனான். வைத்தியத்தைத்தான் எடுப்பான் என்று எனக்குத் தெரியும். என் கொப்பியின்படி அது பிழை. பலமாக அடித்தால் சண்டை ஒரு சுற்று முந்தி முடியும், விழுகிறவர்களே குறைவார்கள். நாற்பது நிமிடம் பொறுத்திருந்தேன். பிறகு தாக்குதலை அழுத்தினேன். கணக்குச் சரியென்று காட்ட ஒரு கோட்டைக்கும் அவன் படையை அனுப்பினேன்.

கோட்டைத் தளபதியின் திறமைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இருநூற்று நாற்பது பேரில் இருபத்தெட்டுப் பேர் மிஞ்சினார்கள். சண்டை முடிந்ததும் விளையாட்டு தானாகவே பழைய பதிவின் மேல் பதிந்துகொண்டது.

பின்னேரம் வந்தவன் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே கணினிக்கு முன்னால் போய் இருந்தான்.

"மச்சான், என்ரை பெடியள் எங்கை?"

"காலமை நீதானே விளையாடினனீ" என்றேன்.

"கேள்வியோடை விட்டிட்டுப் போனதெண்டெல்லோ நினைச்சன்."

அவன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். "அப்ப மூளையும் போகுது" என்று சொல்லிக் கணினியை அணைத்தான்.

பதினொரு நாள் நான் வாய் திறக்கவில்லை. அதற்குள் அவன் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று இரண்டு தரம் போய்ப் பார்க்கத் தொடங்கியிருந்தான். மெட்ரோவில் தனியே போவதை விட்டுவிட்டான். பன்னிரண்டாம் நாள், டொக்டரிடம் மறதியைப் பற்றிச் சொல்லப்போவதாகத் தங்கையிடம் அவன் சொல்வது கேட்டது. அவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த குசினிக்குள் போய் நின்றேன்.

"உனக்கு மறதியில்லை. நான்தான் அழுத்தினனான்."

மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது. "உங்கடை கணக்குக் கொப்பியைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடுங்கோ" என்றாள்.

மச்சான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். "எத்தினை பேர் மிச்சம்?"

"இருபத்தெட்டு."

"அதைமட்டும் சரியா எண்ணியிருப்பாய்."

அடுத்த நாளே அந்த இருபத்தெட்டுப் பேரோடு திரும்பத் தொடங்கினான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் காலைகளில், சப்பாத்துப் போட்ட பிறகு திரும்பி வந்து, கலண்டரில் அன்றைய திகதிக்குக் கீழே தன் சிப்பாய்களின் தொகையைப் பென்சிலால் எழுதுவான். நான் பக்கத்தில் நிற்கும்போதே எழுதுவான். வந்ததும் முதல் வேலையாகத் திரையோடு ஒத்துப் பார்ப்பான். எங்களோடு இருந்தவரை, எழுபத்துமூன்று காலைகள் அப்படி எழுதினான். ஒரு தரமும் தொகை மாறியிருக்கவில்லை. அவன் எழுதுவதை விடவுமில்லை.