நியூசிலாந்தின் நட்சத்திரம் திருவாதிரை

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்து ஒரு சனிக்கிழமை முற்பகல். ரொறன்ரோவின் கிழக்கே, ரூஜ் பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு பிளாசாவில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. கோயிலில் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றிவிட்டு நேரே அங்கே வந்து, தொலைக்காட்சிக்கு எதிரே உள்ள மேசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் நியூசிலாந்தும் தென்னாபிரிக்காவும் ரக்பி ஆடிக்கொண்டிருந்தன. என் முன்னால் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எதிர் நாற்காலி வெறுமையாக இருந்தது.

அந்த நாற்காலிக்கு உரியவரை நான் 'கொழும்பார்' என்று அழைப்பேன். அவர் என்னைக் 'கண்டியார்' என்பார். பிறப்பால் இருவரும் யாழ்ப்பாணத்தவர்களே. ஆனால் நான் இளமையில் கண்டியில் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். அவர் கொழும்புத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் இந்த ஆட்டம் எங்களை அந்த ஊர்களில்தான் பற்றிக்கொண்டது. பற்றியது பிறகு விடவேயில்லை.

நாங்கள் சந்தித்ததும் இதே கடையில்தான். ஒருநாள் நான் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உவங்கள் பந்தைக் கொண்டு ஓடுறாங்களோ, பாற்குடம் கொண்டு ஓடுறாங்களோ? சிந்திப்போடும் எண்டு பயந்தெல்லோ போறாங்கள்."

திரும்பிப் பார்த்தேன். தொப்பியும் தடித்த கண்ணாடியுமாக, என் வயதை ஒத்த ஒருவர்.

"நீங்கள் ஊரில எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"நான் கொழும்பு. நீங்கள்?"

"கண்டி."

"அதுதானே பாத்தன், கண்டி மைதானத்துச் சேறு மணக்குது" என்று சொல்லிக்கொண்டே என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

அதன்பின் சனிக்கிழமைகள் எங்களுக்கு உரியவையாகிவிட்டன. அவர் கிழக்கே உள்ள அஜக்ஸ் நகரில் மகள் வீட்டில் இருந்தார். ரயிலும் பேருந்தும் மாறி, குளிரோ வெயிலோ பாராமல் வந்து சேர்வார். கண்டி, கொழும்பு ரக்பிக் கழகங்களைப் பற்றிய வழக்கு முடிந்ததும் நாட்டு அணிகளின் வழக்குத் தொடங்கும். நான் நியூசிலாந்தின் பக்கம். அதற்காகவே அவர் தென்னாபிரிக்காவின் பக்கம்.

நியூசிலாந்து வீரர்கள் ஆட்டத்துக்கு முன் நிலத்தில் காலை உதைத்து ஆடும் போர் நடனத்தைக் கண்டதும் அவர் தொடங்கிவிடுவார். "கறுப்பு உடுத்துக்கொண்டு நிக்கிறதைப் பாரும், ஐயப்ப சாமிமார் மாதிரி. மலைக்குப் போற ஆக்களுக்கு மைதானத்தில என்ன வேலை? ஆடத்தான் வேணுமெண்டா எங்கட தேர்த் திருவிழாவுக்கு வந்து காவடி எடுக்கச் சொல்லும்."

"காவடி எடுக்கத் தோளில பலம் வேணும் கொழும்பார். உம்மட பச்சைச் சட்டைக்காரர் வாழையிலை போலத்தான். பந்தி முடிய மடிச்சுப் போடவேண்டியதுதான்" என்பேன்.

கடையை நடத்தும் பெண் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்: "இரண்டு பேரும் கனடாவில இருந்துகொண்டு ஆற்றையோ நாட்டுக்குச் சண்டை பிடிக்கிறீங்கள். கனடாவும் விளையாடுதுதானே அங்கிள்?"

"கனடா வெண்டா எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம் பிள்ளை" என்றார் கொழும்பார். "இரண்டு பேருக்கும் சந்தோஷமெண்டா பிறகு கதைக்க என்ன கிடக்கு?"

நாள்தோறும் காலையில் பதிகம் ஓதிய பின்பே தேநீர் அருந்துபவன் நான். நம் பக்திப் பாடல்களில் ஒரு வகை உண்டு. இரு பெண்கள் விளையாடிக்கொண்டே பாடுவார்கள். சுடுகாட்டில் ஆடுகிறவனும் பாம்பை அணிந்தவனும் பிச்சைக்குத் திரிகிறவனுமாகிய இவனா உன் தலைவன் என்று ஒருத்தி எள்ளுவாள். மற்றவள் சளைக்காமல் விடை சொல்லுவாள். எள்ளுகிறவளுக்கு அன்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. தோழியின் வாயால் அந்த விடையைக் கேட்க வேண்டும் என்ற ஆசையிலேயே அவள் எள்ளுகிறாள். பல்லாண்டுகளாக நான் பாடிவந்த அந்தப் பாடல்களின் சுவை முழுமையாகப் பிடிபட்டது, மசாலாத் தேநீரும் கொத்துரொட்டிச் சத்தமும் நிறைந்த அந்தக் கடையில்தான்.

எங்களுக்குள் ஒரு பந்தயமும் இருந்தது. தோற்ற அணியின் பக்கம் நின்றவர், வென்ற அணியின் பெயரில் கோயிலில் அர்ச்சனை செய்விக்க வேண்டும். இதை முதலில் சொன்னவர் அவர். முதலில் மாட்டிக்கொண்டவன் நான்.

அன்று அர்ச்சனைத் தட்டோடு நான் நிற்க, அவர் எனக்குப் பின்னால் கைகூப்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"பேர், நட்சத்திரம்?" என்று கேட்டார் குருக்கள்.

"தென்னாபிரிக்கா" என்றேன்.

பூவை எடுத்த குருக்களின் கை அப்படியே நின்றது. நாங்கள் விளக்கிச் சொன்னோம். இளவயதினர் அவர், கோபிக்கவில்லை. "சரி, நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ. நட்சத்திரம் இல்லாமல் என்னெண்டு சங்கற்பம் செய்யிறது?" என்றார்.

நான் விழிக்கையில், "ரேவதி" என்று பின்னாலிருந்து சட்டென்று விடை வந்தது.

சில வாரங்களின் பின் கொழும்பார் தட்டோடு நிற்கவேண்டி வந்தது. நியூசிலாந்தின் நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டபோது, "திருவாதிரை" என்றேன். "அது சிவபெருமான்ர நட்சத்திரமெல்லோ? உம்மட ஆக்களுக்கு அது கொஞ்சம் கூடிப்போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் தட்டைக் கொடுத்தார்.

இனி அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

தென்னாபிரிக்க மண்ணிலேயே நடந்த அந்த ஆட்டத்தில் நியூசிலாந்து வென்றது. அவரை எதிர்கொள்ள ஒரு சொல்லைக் காலையிலிருந்தே தீட்டி வைத்திருந்தேன்: "வீட்டுக்காரர் பந்தி போட, விருந்தாளி வந்து சாப்பிட்டிட்டுப் போயிட்டார் கொழும்பார்." ஆட்டம் முடிந்து, வீரர்கள் கைகுலுக்கிப் பிரிந்து, திரையில் விளம்பரங்கள் ஓடத் தொடங்கிய பின்னும் அவர் வரவில்லை. கேட்பதற்கு ஆளில்லாமல் அந்தச் சொல் என் வாயிலேயே கிடந்தது. வெற்றி இவ்வளவு சப்பென்று இருக்கும் என்று நான் எண்ணியதே இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் நாற்காலி வெறுமையாகவே இருந்தது. கடைக்காரப் பெண் மேசைக்கு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அங்கிள், அஜக்ஸில இருந்து வாற ஒரு ஆள் சொன்னவர். கொழும்பார் அங்கிள் விழுந்திட்டாராம். அம்புலன்ஸ் வந்து ஏத்திக்கொண்டு போனதாம்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"அது அவருக்கும் தெரியேல்ல அங்கிள். வீடும் தெரியாதாம். நீங்கள் போன் பண்ணிப் பாருங்கோவன். நம்பர் இருக்குத்தானே?"

என்னிடம் இலக்கம் இல்லை. சனிக்கிழமை என்று ஒரு நாள் இருக்கையில் இலக்கம் எதற்கு என்று இருவருமே இருந்துவிட்டோம். ஆஸ்பத்திரிகளை அழைத்து விசாரிக்கலாம் என்றார் அந்தப் பெண். யாரென்று சொல்லி விசாரிப்பது? அப்போதுதான் உறைத்தது. எனக்கு அவருடைய பெயரே தெரியாது.

பேருந்து ஏறிக் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கியபடியே குருக்கள் சிரித்தார். "ஐயா, இந்த முறை ஆர் வெண்டது?"

"என்ர ஆக்கள்."

"அப்ப மற்ற ஐயாவெல்லோ செய்விக்க வேணும்? எங்க அவர்?"

சொன்னேன். குருக்களின் முகம் மாறியது.

"அப்ப அவற்ற பேருக்குச் செய்வம். பேரென்ன ஐயா?"

"தெரியாது ஐயா" என்றேன். குருக்கள், "பரவாயில்லை, சுவாமி பேருக்குச் செய்வமோ?" என்றார். பெயரும் நட்சத்திரமும் தெரியாதபோது அப்படிச் செய்வது வழக்கம்தான். இறைவனுக்கு யாருக்காக என்பது தெரியாமலா போகும்? அறிவுக்கு அது விளங்கியது; மனம் ஒப்பவில்லை. யாரோ ஒருவராக அவரை அந்தச் சந்நிதியில் விட்டுவிட என்னால் முடியவில்லை.

"கொழும்பார் எண்டு சொல்லுங்கோ ஐயா" என்றேன்.

"நட்சத்திரம்?"

அந்தக் கேள்வி என் காதில் விழுந்த கணத்தில், முன்பு அதே இடத்தில் அதே கேள்விக்கு நான் சொன்ன விடை நினைவுக்கு வந்தது. நியூசிலாந்துக்கு நான் ஏன் திருவாதிரை என்றேன்? அது என் நட்சத்திரம். உயிராக நினைக்கும் அணிக்கு வேறு எதைக் கொடுப்பது என்று தெரியாமல், என்னுடையதையே கொடுத்தேன். அப்படியானால் அவர் சற்றும் யோசியாமல் சொன்ன ரேவதி?

"ரேவதி" என்றேன்.

குருக்கள் வடமொழிச் சங்கற்பத்தின் நடுவே 'கொழும்பார்' என்ற பெயரைத் தெளிவாக உச்சரித்தார். வேறொரு நாளாயிருந்தால் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாகிவிட்ட பின்னர் ஒரு சனிக்கிழமை, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கடைக்குள் வந்து, "இங்க கண்டியார் எண்டு ஒருத்தர் வாறவரோ?" என்று கேட்டார். அவர் கொழும்பாரின் மகள்.

பாரிசவாதம் வந்து விழுந்தவருக்கு உயிராபத்து நீங்கிவிட்டது. பேச்சுத்தான் போய்விட்டது என்றார். படியேற முடியாத நிலையில், தன்னுடையது மாடியில்லாத வீடென்று கனடாவின் மேற்கே கல்கரியிலுள்ள மகன் அவரை முந்திய வாரமே அழைத்துப் போயிருந்தார். மகள் இங்கிருந்து தந்தையின் பொருள்களைக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி ரீவியில ரக்பிச் செய்தி பாத்த நாளில இருந்து, சனிக்கிழமையில ரீவியைக் காட்டுவார். பிறகு கையெடுத்துக் கும்பிடுவார். பிறகு பூப் போடுற மாதிரிக் கையால செய்து காட்டுவார், திருப்பித் திருப்பி. எங்களுக்கு ஒண்டுமே விளங்கேல்ல அங்கிள். இந்தக் கடையில கேட்டா ஆராவது சொல்லுவினமோ எண்டுதான் வந்தனான்."

எனக்கு விளங்கியது. தென்னாபிரிக்கா தோற்றுவிட்டது. அவருக்கு ஓர் அர்ச்சனை பாக்கி இருந்தது.

பந்தயத்தைச் சொன்னேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில எத்தினை பேரைக் கூப்பிட்டுக் காட்டினம். உதுக்கோ இவ்வளவு பாடு?" என்றார். அவருடைய காரிலேயே கோயிலுக்குப் போனோம். தந்தைக்காக மகள் தட்டைப் பிடிக்க, நியூசிலாந்து அணியின் பெயரில், திருவாதிரை நட்சத்திரத்தில் அர்ச்சனை நடந்தது.

வெளியே வந்து சப்பாத்தை மாட்டுகையில் கேட்டேன்: "பிள்ளை, அப்பாவின்ர நட்சத்திரம் ரேவதியோ?"

"ஓம் அங்கிள். உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

அன்று அவருடைய பெயரையும் மகள் சொன்னார். அழகான பெயர். ஆனால் அது எனக்கு அறிமுகமில்லாத யாரோ ஒருவருடைய பெயர்போல இருந்தது. நான் அதை ஒருமுறைகூடச் சொல்லி அழைத்ததில்லை, அழைக்கவும் போவதில்லை.

இப்போது ஆட்டமுள்ள சனிக்கிழமைகளில் கடையிலிருந்தே கல்கரிக்குத் தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைக்கிறேன். அங்கே மகன் தன் தொலைபேசியை அவர் காதருகே பிடித்துக்கொள்வார். நான் பச்சைச் சட்டைக்காரரை வழக்கம்போல எள்ளுவேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். விடையில்லாத ஏளனம் எவ்வளவு கொடியதென்று எனக்கு அதற்குமுன் தெரியாது. அதனால் அவருக்காக நானே விடையும் சொல்லத் தொடங்கினேன். வாழ்நாளில் தென்னாபிரிக்காவுக்கு ஒரு நல்ல சொல் சொல்லாத நான், "எங்கட ஆக்கள் தோளோட தோள் சேந்து தள்ளுற ஸ்கிரம் மலை மாதிரி, உங்கட ஐயப்ப சாமிமார் அதில ஏறேலாது" என்று அவர் பக்கத்தில் நின்று வாதாடினேன்.

கேட்டுக்கொண்டிருந்தவரிடமிருந்து முதன்முறையாக ஓர் ஒலி வந்தது. "ம்ஹூம்."

கடைக்காரப் பெண் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அங்கிள், அந்த மறுமொழி அவருக்குக் காணாதாம்" என்றார்.

காணாதுதான். அவருடைய விடையை அவரன்றி வேறு யாரால் சொல்ல முடியும்? நாள்தோறும் பதிகம் ஓதி முடித்ததும் இறைவனிடம் இப்போது நான் கேட்பது ஒன்றே: கொழும்பாரின் வாயிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஏளனச் சொல்லை மீட்டுத் தர வேண்டும், அதற்கு ஈடாக நியூசிலாந்து தோற்கத்தான் வேண்டுமென்றால் தோற்கட்டும், ரேவதி நட்சத்திரத்துக்கு அர்ச்சனைத் தட்டோடு நானே முன்னால் போய் நிற்பேன்.