பிரேக் மாஸ்டரின் வலது கால்

பிரேக் மாஸ்டரை உலகம் அவருடைய வலது காலைக் கொண்டே அறிந்திருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில், ஆசிரியருக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கின் மேல் அந்தக் கால் பல வருடங்களாகக் குடியிருந்தது. பேருந்தில் ஏறினாலும் முன்சீட்டுக்காரரின் குதிகாலை மிதித்துவிடும். "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்பது மாணவர்களுக்கு அவர் தரும் உபதேசம். எந்த விபரீதத்தையும் தக்க சமயத்தில் நிறுத்திவிடுவார் என்று பெயர். அந்தப் பெயருக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. விதிவிலக்குக்கு இப்போது வயது ஏழு, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. வாண்டு என்று கூப்பிட்டார்கள்.

வாண்டுவின் அம்மா, விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவை நிலையத்தில் இஸ்திரி போட்டவள். வண்டி ஓட்டப் பழகினால் விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு மாறலாம், நாளெல்லாம் நிற்க வேண்டாம் என்று மாஸ்டரிடம் சேர்ந்தாள். உரிமம் கிடைத்தது. அடுத்த மாதம் கல்யாணம் என்ற மாஸ்டரின் வாக்கும் கிடைத்தது. அடுத்த மாதம் வரவேயில்லை, வாண்டு வந்தாள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு வந்தது.

அந்தக் கோட்டை அழிக்கத்தான் வழக்கு. மாஸ்டர் கூண்டில் ஏறிக் கண்ணியமாகச் சொன்னார்: "எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேங்க. முகமெல்லாம் ஞாபகம் இல்ல."

மூவரும் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார் நீதிபதி. முதல் தேதியில் மாஸ்டருக்கு வயிறு சரியில்லை. இரண்டாவது தேதியில் பெரியப்பா காலமானார். அதே பெரியப்பா முன்பும் இரண்டு முறை காலமாகி மாஸ்டருக்கு விடுப்பு வாங்கிக் கொடுத்தவர். மூன்றாவது தேதிக்கு மறுநாள் மாஸ்டர் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறார்.

"வரலைன்னா அவர்தான் அப்பான்னு கோர்ட்டையே ஊகிச்சுக்கச் சொல்லலாம்மா," என்றார் அவளுடைய வக்கீலம்மா. "ஆனா அப்பீல் அது இதுன்னு இழுத்தடிப்பாங்க."

"என் பொண்ணு ஊகத்துக்குப் பொறக்கலைங்க."

அந்த மூன்றாவது தேதி காலையில் பயிற்சிக் காரோடு அவள் மாஸ்டர் வீட்டு வாசலில் நின்றாள். சாட்சி சம்மன் வந்ததிலிருந்து தூக்கமிழந்த பள்ளி முதலாளி, சாவியைத் தானாகவே கொடுத்திருந்தார். பின்சீட்டில் வாண்டு. ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு மணிவரைதான் ரத்தம் எடுப்பார்கள்.

"வண்டி ரிப்பேர், எப்படி வர்றதுன்னு கேட்டீங்களாமே மாஸ்டர். இதோ வண்டி."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஏற்கெனவே திறந்திருந்தது. மாஸ்டர் ஏறினார். ஜன்னல்களுக்குப் பயந்து மட்டுமல்ல. அந்த இருக்கையில் தான் உட்கார்ந்துவிட்டால் யார் ஓட்டினாலும் அது தன் வண்டி என்பது அவருடைய சித்தாந்தம்.

சித்தாந்தம் பொய்க்கவில்லை. "இடது எடு," என்றார். அவள் கை எடுத்தது. "நேரா போ. ரெண்டாவது வலது." எடுத்தது. அவரிடம் பழகிய கை, அவளைக் கேட்காமலே கீழ்ப்படிந்தது.

"அம்மா, இந்தப் பெயிண்ட் கடைய அப்பவே பாத்தோம்," என்றாள் வாண்டு.

மணி பதினொன்றே முக்கால். அவளுடைய பின்கழுத்து நனைந்துவிட்டது. "இனிமே நீங்க வழி சொல்ல வேணாம் மாஸ்டர்."

வாய் ஓய்ந்ததும் கால் வேலையை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு சிக்னலிலும் பச்சை விழுந்தவுடன் மிதித்தார். வண்டி குலுங்கி அணைந்தது. பின்னால் ஹார்ன்கள் வாழ்த்தின.

"கிளட்ச விடுற விதம் இன்னும் சரியில்ல. அன்னைக்கே சொன்னேன்," என்றார், உண்மையான அக்கறையோடு.

"முகம் மறந்துபோச்சு, கிளட்ச் மட்டும் ஞாபகம் இருக்கா?"

மாஸ்டரின் கால் அடுத்த சிக்னலுக்குத் தயாரானது.

ஆய்வுக்கூடம் இருந்த தெரு இறக்கம். தெருமுனையில் பேருந்து நிறுத்தம், அதில் புறப்படத் தயாராக ஒரு பேருந்து. மாஸ்டர் ஓங்கி மிதித்தார். வண்டி அணைந்தது. கதவைத் திறந்து இடது காலைத் தரையில் வைத்தார். வலது கால் பிரேக்கை விட்டு எழுந்தது.

அவள் கூப்பிடவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. கியரை நடுவுக்குத் தள்ளிவிட்டுச் சும்மா இருந்தாள். வண்டி மெல்ல உருளத் தொடங்கியது. அவளுடைய இடது கை, தேவைப்பட்டால் இழுக்கத் தயாராகக் கைபிரேக்கைப் பற்றியிருந்தது மாஸ்டருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: வண்டி உருளுகிறது, ஆசிரியர் பிரேக்கில் கால் இல்லை. பேருந்தை மறந்தார், விமானத்தை மறந்தார். தரையில் இருந்த காலையும் இழுத்துக்கொண்டு உள்ளே விழுந்து, சரிந்தபடியே பிரேக்கைத் தேடி மிதித்தார்.

வண்டி ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றது.

"ரத்தத்துக்கா? சீக்கிரம் வாங்க, மூடப்போறாங்க," என்று காவலாளி மாஸ்டரின் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே ஊசியைப் பார்த்த வாண்டு, அருகில் இருந்தவரைக் கேட்டாள். "வலிக்குமா?"

"பயப்படாத, நான் இருக்கேன்ல," என்று மாஸ்டரின் வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாஸ்டர் விமானம் ஏறிய பிறகு அறிக்கை வந்தது, அவர்தான் தகப்பன் என்று. சந்தேகமே இல்லாதவர்களுக்கும் அதைப் படித்துக் காட்டினார் வக்கீலம்மா. தீர்ப்பும் அப்படியே ஆனது. புதிய சான்றிதழில் கோடு இல்லை. மாஸ்டரின் முழுப்பெயர், தலைப்பெழுத்தோடு நின்றது. அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள். வாண்டு எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள்.

"இனிமே ஸ்கூல்ல அப்பா பேருன்னு இவ்ளோ நீளமா எழுதணுமாம்மா? கோடுன்னா சுலபமா இருந்துச்சு."

"எழுது," என்றாள் அம்மா. "கை வலிச்சாலும் எழுது."